நேட்டால் ஒப்பந்தக் குடும்பம்: ஒரு பெண், இரண்டு ஆண், நாலு ஆவணம். கல்யாணம் எது?

வேர்தேடி:
வடஆர்க்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒரு குடும்பத்துக்கு வம்ச மரம் போடுகிறேன். கல்யாண விஷயத்தில் முட்டி நிற்கிறது. பெயர்களைச் சுருக்கியிருக்கிறேன். கையில் இருப்பவை நாலு.

1889 கப்பல் பட்டியல்: மு., பெண், வயது 20. அவருக்கு நேர் மேலே கோ., ஆண், 26. மு.வுக்குக் கீழே ரா., ஆண் குழந்தை, ஒரு வயது. மு.வும் கோ.வும் வேறு வேறு தாலுகா, வேறு வேறு சாதி.

1894 பிறப்புப் பதிவு: தாய் மு., தந்தை சி. கோ.வைக் காணோம்.

1916 திருமணச் சான்றிதழ்: சி.யும் மு.வும். தேதி ஆகஸ்ட் 3. மணமகள் வயது 40.

1932, சி. இறந்தபோது அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த மரண அறிவிப்பு: மனைவி பெயர் தா. பிள்ளைகள் ஆறு பேர், முதல் பெயர் ரா.

கோ. கணவரா இல்லையா? 1916இல் வரும் மு. அதே பெண்தானா? வயது ஏழு வருஷம் இடிக்கிறதே. தா. எங்கிருந்து வந்தார்?

கப்பல்_ஏடு:
முதலில் பட்டியலை எதில் பார்த்தீர்கள்? தட்டச்சு செய்த இணைய அட்டவணையிலா, மூல ஏட்டின் படத்திலா? அட்டவணையில் பெயரைத் தட்டினால் ஒரு வரிதான் வரும், வரிசை போய்விடும். நேட்டால் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. குடும்ப உறவைக் காட்டுவது பெரும்பாலும் எண் வரிசைதான். ஆகவே மு.வின் எண்ணுக்கு மேலே பத்து, கீழே பத்து வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் மற்றவர்கள் ஊர்வாரியாக நிற்கிறார்களா, ஆண் பெண் குழந்தை என்று குடும்பமாக நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குடும்பமாக நின்றால் இவர்களும் குடும்பமாகவே எழுதப்பட்டவர்கள்.

அடுத்து, யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். கணவன் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் பிரித்து அனுப்பக் கூடாது என்பது விதி. கோ. ஒரு கரும்புத் தோட்டத்துக்கும் மு. வேறொரு தோட்டத்துக்கும் போயிருந்தால் அவர்களைத் தம்பதியாக எழுதவில்லை என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். ஒரே முதலாளி என்றால் கேள்வி திறந்தே இருக்கிறது, ஏனென்றால் தனி ஆட்களையும் மொத்தமாக ஒரே தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

தாலுகாவும் சாதியும் வேறு என்பதால் உடனே கோ.வை வெட்டிவிடாதீர்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதம் நிரம்பாமல் கப்பல் கிளம்ப முடியாது. மெட்ராஸ் டிப்போவில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் சேர்ந்த ஜோடிகள் நிறைய. தனியாக வந்த பெண்ணுக்கு ஒரு ஆணின் துணை பாதுகாப்பு; ஆணுக்கும் சேர்ந்து வேலைக்குப் போகும் வசதி. அந்த உறவு ஊரறிந்த கல்யாணமாக இருந்திருக்க வேண்டியதில்லை. நாலு மாதம் நீடித்ததும் உண்டு, நாற்பது வருஷம் நீடித்ததும் உண்டு.

பழுப்புக்காகிதம்:
கப்பல்_ஏடு சொன்னதோடு ஒன்று. குழந்தை ரா.வை யாரும் கவனிக்கவில்லை. கப்பலில் வந்த கைக்குழந்தைக்கும் தனி எண் கொடுத்தார்கள். அந்த எண் சாகும்வரை மாறாது. பெயர் மாறும், தகப்பன் பெயர் மாறும், எண் மாறாது. ரா. வளர்ந்து செய்துகொண்ட கல்யாணத்தின் பதிவைத் தேடுங்கள். அதில் அவர் எண்ணும், தகப்பன் என்று யார் பெயரைச் சொன்னார் என்பதும் இருக்கும். சி.யின் பெயரைத் தன் பின்பெயராக வைத்துக்கொண்டிருந்தால் சி. வளர்ப்புத் தகப்பன். 1932 அறிவிப்பில் முதல் பிள்ளையாக வருவதற்கு அதுவே காரணமாகப் போதும்.

நேட்டாலில் தகப்பனின் இயற்பெயர் மகனுக்குப் பின்பெயராகும். அண்ணன் தன் பெயரோடு பிள்ளை, கோவிந்தர் (கவுண்டர்), மூட்லி (முதலியார்) என்று சாதிப் பட்டத்தைப் பதிந்திருப்பான், தம்பி அப்பன் பெயரைப் பதிந்திருப்பான். ஒரே வீட்டில் இரண்டு பின்பெயர் கண்டவுடன் "இரண்டு தகப்பன்" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

சட்டப்பிரிவு:
வேர்தேடி ஐயா, நீங்கள் நாலு ஆவணத்தையும் ஒரே கேள்விக்கு நாலு பதில் என்று படிக்கிறீர்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு அலுவலகம் தன் தேவைக்கு எழுதியது. ஆகவே "கல்யாணம் ஆனதா" என்று கேட்பதைவிட "இந்த ஏட்டை எழுதியவர் கண்ணில், இந்தத் தேதியில், எது கல்யாணம்" என்று கேளுங்கள். காலவரிசை இது:

1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் வந்தார்கள். இவர்கள் இந்தியக் குடியேறிகள் காப்பாளர் அலுவலகத்தின் கீழ் வந்தவர்கள், சுருக்கமாக புரொடெக்டர் ஆபீஸ். 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் இவர்களுடைய கல்யாணம், பிறப்பு, இறப்புப் பதிவையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்தது. தாலி கட்டியது மட்டும் போதாது, ஏட்டில் ஏற வேண்டும். பலர் ஏற்றவில்லை. தோட்டத்தில் வேலை பார்ப்பவன் பதிவுக்காக ஒரு நாள் கூலியை விட்டுப் போவது லேசான காரியமில்லை. முதல் வருஷம் ஆணுக்கு மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி.

1913 மார்ச் 14. கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் தீர்ப்பு. பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்கின்படி நடந்த கல்யாணத்தைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஏற்காது என்றார். இந்துக் கல்யாணங்களும் முஸ்லிம் கல்யாணங்களும் ஒரே நாளில் அந்தரத்தில் தொங்கின. அந்த ஆண்டு சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1914இல் 22ஆம் எண் கொண்ட இந்தியர் நிவாரணச் சட்டம். இது இரண்டு வழி திறந்தது. ஒன்று, இந்திய மதகுருக்களைத் திருமண அதிகாரிகளாக நியமிக்கலாம்; இனி நடக்கும் கல்யாணத்தை அவர்கள் பதிவார்கள். இரண்டு, ஏற்கெனவே ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்பவர்கள் வந்து அறிவித்தால் அந்தப் பழைய உறவையே கல்யாணமாகப் பதியலாம், அது நடந்த நாளிலிருந்தே செல்லும்.

உங்கள் 1916 சான்றிதழ் இந்த இரண்டாம் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். 1894இலேயே குழந்தை பிறந்திருக்கிறதே. அப்படியானால் ஆகஸ்ட் 3 பதிவு நாள், கல்யாண நாள் அல்ல.

இசிப்பிங்கோ:
ஆகஸ்ட் 3 ஆடி மாதம் அண்ணே! ஆடியில் எந்தத் தமிழ்க் குடும்பம் தாலி கட்டும்? அதுவும் 1916இல் அது வியாழக்கிழமை, கச்சேரி (அரசு அலுவலகம்) வேலை நாள்.

நேட்டால் சான்றிதழ் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தமிழ் மாதம் பாருங்க. ஆடி, மார்கழி என்றால் பதிவு நாளாக இருக்கும். தை, வைகாசி, ஆவணி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் சடங்கும் பதிவும் ஒன்றாக நடந்திருக்கலாம். லீவு அன்றைக்குத்தான் கிடைக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் அங்கே சகஜம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு ஓடாது.

சட்டப்பிரிவு:
நல்ல சோதனை. அதோடு சான்றிதழில் யார் கையெழுத்து, எந்த இடம் என்று பாருங்கள். மாஜிஸ்திரேட் கையெழுத்து, கச்சேரி விலாசம் என்றால் பழைய உறவின் பதிவு. மதகுரு கையெழுத்து, வீட்டு விலாசம் அல்லது கோயில் என்றால் புதுக் கல்யாணமாக இருக்கலாம். சான்றிதழின் சுருக்க நகல் மட்டும் இருந்தால் இது எதுவும் தெரியாது. முழு நகல் வாங்குங்கள்.

இன்னொன்று: இருபது வருஷம் சும்மா இருந்தவர்கள் திடீரென்று ஏன் பதிய வருகிறார்கள்? நிலம் வாங்குவது, இந்தியாவுக்குப் போய்த் திரும்ப அனுமதி கேட்பது, மகனுக்குச் சொத்து எழுதுவது என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். பதிவுத் தேதிக்கு முன்னும் பின்னும் ஆறு மாதம் நிலப்பத்திரங்களையும் குடிநுழைவுக் கோப்புகளையும் தேடினால் மு.வைப் பற்றி இன்னொரு தாள் கிடைக்கலாம்.

வேர்தேடி:
ஆடி என்பது தோன்றவே இல்லை. சரி, வயது? 1889இல் 20 என்றால் 1916இல் 47 இருக்க வேண்டும், 40 என்று இருக்கிறது. அதே பெயரில் அங்கேயே பிறந்த இளைய பெண்ணாக இருக்கக் கூடாதா?

பழுப்புக்காகிதம்:
கூடும். மு. என்ற பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த காலம். ஆனால் வயதை வைத்து முடிவு செய்ய முடியாது. கப்பல் பட்டியலில் 20, 25, 30 என்ற எண்கள் எப்படிக் குவிந்திருக்கின்றன என்று ஒரு பக்கம் எண்ணிப் பாருங்கள். குமாஸ்தா முகத்தைப் பார்த்து எழுதிய வயது அது. கச்சேரியில் சொன்ன 40உம் உத்தேசம்தான்.

வயதுக்குப் பதில் பிள்ளைப்பேற்றைக் கணக்குப் போடுங்கள். ஆறு பிள்ளைகளின் பிறந்த வருஷத்தையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு பத்தி: தாய் 1869இல் பிறந்திருந்தால் அப்போது என்ன வயது, 1876இல் பிறந்திருந்தால் என்ன வயது. 1876 என்று வைத்தால் ரா. பிறக்கும்போது தாய்க்குப் பன்னிரண்டு. அது ஓடாது, ஆனால் ரா. அவர் பிள்ளையில்லை என்றால் ஓடும். கடைசிப் பிள்ளை 1915க்கு மேல் பிறந்திருந்தால் 1869 ஓடாது. இடையில் நாலைந்து வருஷ இடைவெளி வந்தால் அங்கே தாய் மாறியிருக்கலாம், அல்லது குழந்தை இறந்திருக்கலாம். அந்த இடைவெளிக்கு இறப்புப் பதிவேட்டைப் பாருங்கள்.

உண்மையில் தீர்ப்பது 1894 பதிவில் இருக்கும் தாயின் எண். அது கப்பல் பட்டியல் எண்ணோடு பொருந்துகிறதா?

வேர்தேடி:
பொருந்துகிறது, ஒரு இலக்கம் தவிர. பட்டியலில் 3, பிறப்புப் பதிவில் 8.

கப்பல்_ஏடு:
3ஐயும் 8ஐயும் மாற்றிப் படிப்பது தினம் நடக்கும் கூத்து. 1–7, 5–6 கூட. ஆனாலும் "எழுத்துப் பிழை" என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. அந்த 8 உள்ள எண் பட்டியலில் யாருடையது என்று போய்ப் பாருங்கள். ஆணாக இருந்தால், அல்லது அதற்குள் இறந்தவராக, திரும்பிப் போனவராக இருந்தால், பிழை என்று உறுதி. இருபது வயதுப் பெண்ணாக இருந்தால் உங்கள் மு. வேறு, 1894 தாய் வேறு.

எண் மட்டும் ஒருபோதும் போதாது என்பது என் கட்சி. எண்ணோடு தகப்பன் பெயர் அல்லது ஊர், இரண்டில் ஒன்று சேர்ந்து பொருந்த வேண்டும். நாயுடு, நாய்டூ என்று எழுத்து மாறுவது பிரச்சினையில்லை. வீராசாமி ஓர் இடத்தில் முனுசாமி ஆனால் பிரச்சினை.

கோ.வின் எண்ணையும் தொடருங்கள். சில ஏடுகளில் ஓரத்தில் இறந்தான், இந்தியா திரும்பினான் என்று குறித்திருப்பார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தால் விடுதலைச் சீட்டு. குடியேற்ற நாட்டில் பத்து வருஷம் முடித்தால் இலவசத் திரும்புகைப் பயணம். 1894க்கு முன்பே கோ. இல்லை என்றால் இறந்திருக்க வேண்டும், ஓடியிருக்க வேண்டும், அல்லது மு. அவரை விட்டுப் போயிருக்க வேண்டும். மூன்றுக்கும் புரொடெக்டர் ஆபீஸ் கடிதக் கட்டுகளில் தடம் இருக்கும். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தேடலில் நேட்டால் களஞ்சியத்தைத் தேர்ந்து, 'ஐ.ஐ.' (II, இந்தியக் குடியேற்றம்) என்ற மூலக் குறியீட்டில் தேடுங்கள். பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் போடுங்கள், எண்ணையும் தனியாகப் போடுங்கள். மனைவியை இன்னொருவன் கூட்டிப்போனான் என்ற புகார், வேறு தோட்டத்துக்கு மாற்றக் கோரும் மனு எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

மூன்று பவுன் வரிக் கோப்புகளில் நேரம் போக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்தும் திரும்பாமல் தங்கியவர்கள் கட்டிய அந்த வரி, 1895 சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு. 1889இல் வந்தவருக்குப் பொருந்தாது.

லௌதோக்கா:
பிஜிக்காரன் ஒரு வார்த்தை. எங்கள் குடியேற்றச் சீட்டில் "மணமானவரெனில் யாரை" என்று தனிக் கட்டமே உண்டு, நெருங்கிய உறவினர் பெயரும் உண்டு. மெட்ராஸ் கப்பல்கள் எங்களுக்கு 1903இலிருந்துதான். அந்தப் பழக்கத்தில் நேட்டால் பட்டியலிலும் அப்படி ஒரு கட்டத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வெறுமையாக இருப்பதற்கு "மணமாகாதவர்" என்று பொருள் இல்லை.

இசிப்பிங்கோ:
தா. விஷயத்துக்கு வருவோம். யாரும் தொடவில்லை.

மூணு வழி இருக்கு. ஒன்று, தா.வே மு.வாக இருக்கலாம். ஏட்டுப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. அறிவிப்பை எழுதிக் கொடுத்தது மகனோ மருமகனோ என்றால் கூப்பிடும் பெயர்தான் வரும். இரண்டு, மு. 1916க்குப் பிறகு இறந்து சி. மறுமணம் செய்திருக்கலாம். மூணு, மு. இருக்கும்போதே தா. இளையாள். நிவாரணச் சட்டத்தில் ஒரு மனைவியைத்தான் பதிய முடியும், அதனால் தா.வுக்குச் சான்றிதழே இருக்காது. தேடிக் கிடைக்கவில்லை என்பதால் இளையாள் இல்லை என்று ஆகிவிடாது.

இளையாள் என்றால் முதலில் மு.வின் தங்கையா என்று பாருங்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, அல்லது அக்கா இறந்துவிட்டாள் என்றால் தங்கையைக் கொடுப்பது நம் வீடுகளில் புதிதா என்ன? தா.வின் தகப்பன் பெயர் மு.வின் தகப்பன் பெயரோடு ஒத்தால் பாதி வேலை முடிந்தது. தாய்மாமன் கல்யாணமும் உண்டு. ஆனால் அங்கத்துச் சட்டத்தில் மாமன்–அக்கா மகள் விலக்கப்பட்ட உறவு. அதனால் பதிவுக்குப் போகும்போது உறவைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள், இல்லை பதியாமலே இருந்திருப்பார்கள். பெண்ணின் தாய்வழித் தாத்தா எண்ணும் மாப்பிள்ளையின் தகப்பன் எண்ணும் ஒன்றாக இருந்தால் அதுதான்.

பழுப்புக்காகிதம்:
மரண அறிவிப்பு ஒரு தாள்தான். அதற்குப் பின்னால் சொத்துக் கோப்பு முழுசும் இருக்கும், ஆவணக்காப்பகத்தில் 'எம்.எஸ்.சி.ஈ.' (MSCE) குறியீடு. ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தின் படங்களில் கிடைத்தால் அறிவிப்போடு நின்றுவிடாமல் அடுத்தடுத்த படங்களையும் புரட்டுங்கள். பார்க்க வேண்டியவை: அறிவிப்பில் கையெழுத்திட்டது யார், அவருக்கு என்ன உறவு, இறக்கும்போது உடன் இருந்தாரா. முன்பே இறந்த துணை என்ற இடத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா. கல்யாணம் நடந்த ஊர் எது. கடைசியாக, பங்கீட்டுக் கணக்கு. அறிவிப்பில் ஆறு பிள்ளை, பங்கீட்டில் நாலு பேருக்குத்தான் பணம் என்றால் அந்த இரண்டு பேர் யார் என்பதே உங்கள் விடை.

ஏனென்றால் அன்றைக்கு அங்கே நடந்த ரோமன்–டச்சுச் சட்டத்தில் உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் சட்டப்படியான கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத்தான் தகப்பன் சொத்து. மற்றவர்களுக்குத் தாய் வழியாக மட்டும். விட்டுப்போன இருவர் ஒருவேளை ரா.வும் தா.வின் பிள்ளையும். உயில் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. "என் மனைவி" என்று உயிலில் யாரைச் சொல்கிறார் என்பது மட்டும் உதவும்.

சட்டப்பிரிவு:
ஒரு திருத்தம். பங்கீட்டில் பெயர் இல்லாதவர் எல்லாரும் முறைப்படி பிறக்காதவர் என்று கொள்ளக் கூடாது. பாகத்தை முன்பே வாங்கி ஒதுங்கியவர், உரிமையை எழுதிக்கொடுத்தவர், இந்தியாவுக்குப் போனவர் உண்டு. கோப்பில் விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவர்கள் கிறிஸ்தவர்களாகியிருந்தால் தேடும் இடமே வேறு: கத்தோலிக்க ஒப்லேட் சபை, ஆங்கிலிக்கத் தூய எய்டன் மிஷன், மெதடிஸ்ட் மிஷன் ஏடுகள். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர் தனியாக வரும்.

மரபணு_மாணவி:
ரா.வின் ஆண்வழிப் பேரனும் சி.யின் இன்னொரு மகனின் ஆண்வழிப் பேரனும் உயிரோடு இருந்தால் இருவருக்கும் ஒய் குரோமோசோம் (தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது) சோதனை. ஒத்தால் சி.தான் ரா.வின் தகப்பன், அல்லது சி.யின் ஆண்வழிப் பங்காளி. ஒவ்வாவிட்டால், இடையில் தத்து எதுவும் இல்லாத பட்சத்தில், ரா. வேறொருவர் பிள்ளை.

சாதாரண மரபணுச் சோதனையை இங்கே அப்படியே நம்பாதீர்கள். ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குச் சராசரி 870 சென்டிமோர்கன் (இருவரும் பகிரும் மரபணுத் துண்டுகளை அளக்கும் அலகு) அளவில் வரும். தாத்தா ஒன்று, பாட்டி வேறு என்றால் அதில் பாதி. ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்த குடும்பத்தில் பாதி உறவும் முழு உறவு போலத் தோன்றும். மொத்தத் தொகையோடு மிக நீளமான துண்டு எவ்வளவு என்றும் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாகச் சேர்ந்த தொகைக்கு மதிப்புக் குறைவு.

வேர்தேடி:
இதுவரை முடிந்தவை. 8 உள்ள எண் ஒரு ஆணுடையது, எனவே அது பிழைதான். தகப்பன் பெயரும் பொருந்துகிறது, 1894 தாய் மு.தான். கோ.வும் மு.வும் ஒரே தோட்டம். கோ.வின் வரி ஓரத்தில் 1892 இறப்புக் குறிப்பு. 1916 முழு நகலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து, மணமகளின் தகப்பன் பெயரும் அதே. சொத்துக் கோப்பில் அறிவிப்பைக் கொடுத்தவர் "மருமகன்". உயில் இல்லை. பங்கீட்டில் ரா. இல்லை, மற்ற ஐவரும் சம பங்கு. தா. பற்றி ஒன்றும் இல்லை.

மரத்தில் எப்படிப் பதிவது?

கப்பல்_ஏடு:
கோ.–மு.: "1889 பட்டியலில் அடுத்தடுத்த எண், ஒரே முதலாளி; சடங்கோ பதிவோ காணப்படவில்லை; கோ. 1892இல் இறப்பு." உறவு வகை: சேர்ந்து வாழ்ந்தோர், சாத்தியம் அதிகம். கல்யாணத் தேதி என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். "1889க்கு முன்" என்று போட்டால் அதை நாலு பேர் நகலெடுத்து உண்மையாக்கிவிடுவார்கள்.

சி.–மு.: "1892–1894 இடையில் தொடக்கம், 1916 ஆகஸ்ட் 3 பதிவு." இரண்டு நிகழ்வாகப் பதியுங்கள், ஒன்றாகச் சேர்க்காதீர்கள். தொடக்கத்தை 1892 என்று வைப்பதும் ஊகம்தான், கோ. இறக்கும் முன்பே பிரிந்திருக்கலாம். அதைக் குறிப்பில் சொல்லுங்கள்.

ரா.: தாய் மு. உறுதி என்று எழுதாதீர்கள், "பட்டியல் வரிசைப்படி". தகப்பன் கோ. "சாத்தியம்". சி. வளர்ப்புத் தகப்பன், 1932 அறிவிப்பும் பங்கீட்டில் விடுபட்டதும் ஆதாரம். கோ.வும் மு.வும் டிப்போவில் சேர்ந்தவர்களானால், ஒரு வயதுக் குழந்தைக்குத் தகப்பன் ஊரில் விட்டு வந்த இன்னொருவராகவும் இருக்கலாம். பட்டியலில் ரா.வின் வரியில் தகப்பன் பெயர்க் கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதியிருக்கிறது?

வேர்தேடி:
பார்த்தேன். கோ. பெயர் இல்லை. வேறொரு பெயர்.

கப்பல்_ஏடு:
அப்படியானால் கோ.வை ரா.வின் தகப்பன் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வேறு பெயரைத் தகப்பனாகப் போடுங்கள், "பட்டியலில் பெயர் மட்டும்" என்ற குறிப்போடு. மு. டிப்போவுக்கு வரும்போதே கைக்குழந்தையோடு வந்த கைம்பெண், அல்லது பிரிந்து வந்தவர். தாலுகாவும் சாதியும் ஏன் ஒட்டவில்லை என்பதற்கும் இது பொருந்துகிறது. ரா.வின் ஊர், தாலுகா கட்டங்கள் மு.வோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்தால் "பட்டியல் வரிசைப்படி" என்பதை "ஏறத்தாழ உறுதி" ஆக்கலாம்.

இசிப்பிங்கோ:
தா.வை மு.வோடு சேர்க்க வேண்டாம், தனி ஆளாகவே வையுங்க. 1916க்கும் 1932க்கும் நடுவில் மு.வின் இறப்புப் பதிவு கிடைத்தால் மறுமணம். 1932க்குப் பிறகு கிடைத்தால், அந்தப் பதிவில் "சி.யின் விதவை" என்று இருக்கிறதா, வேறு பெயர் கூடவே எழுதியிருக்கிறதா என்று பாருங்க. மருமகன் யார் என்றும் கண்டுபிடியுங்க. அவர் தா. மகளைக் கட்டியவர் என்றால் மாமியார் பெயரைத்தான் முதலில் சொல்லியிருப்பார். அந்த மகளுடைய கல்யாணப் பதிவின் முழு நகலை அடுத்து எடுங்க.